பச்சை காட்டிய கெட்டிமேளம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எதிர் ஃப்ளாட் சௌம்யா கேட்டாள். நசரத்பேட்டையில் எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு லிஃப்ட்டும் கொஞ்சம் செருப்புகளும்தான் இடைவெளி. தோசை மாவு கேட்டு வந்தவள், கிண்ணத்தை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"அக்கா, எங்கண்ணன் கல்யாணத்தப் பத்தி ஒரு கதை எழுதுங்களேன். ஆனா நான் படிக்கிற மாதிரி எழுதணும்."

எழுதுகிறவளிடம் இப்படிச் சொன்னால் சுருக்கென்று கோபம் வரும். எனக்கும் வந்தது. "ஏம்மா, இதுவரைக்கும் எழுதினதெல்லாம் படிக்கிற மாதிரி இல்லையா?"

"அய்யோ, அதில்லக்கா. உங்க கதையில குக்கர் விசில் அடிக்குது. ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். யாராவது கதவ அறைஞ்சு சாத்துறாங்க. படிச்சாலே எனக்குக் கேக்குது. காது வலிக்குது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். பாட்டுகளைச் சலித்துத் தர அவளிடம் ஓர் ஏஐ கருவி இருக்கிறது. அவள் அதைச் சல்லடை என்பாள்.* அது பாட்டின் இசையைக் கேட்கும், வரிகளையும் படிக்கும். என் கதையும் அதற்குள் போய்த்தான் அவளிடம் போகும் என்பது ஒப்பந்தம். சத்தம் என்ற சொல்லுக்கு அது பச்சை காட்டுகிறது. சத்தத்தை நடித்துக் காட்டும் ஒலிக்குறிப்புச் சொல்லுக்குத்தான் சிவப்பு, அதாவது தடை. தமிழில் அந்த வகைச் சொற்களை எடுத்துவிட்டுக் கதை எழுதிப் பாருங்கள், என் கஷ்டம் புரியும்.

முதல் தொடக்கம்: ஆவடி குவார்ட்டர்ஸில் விடிவதே ஆலைச் சங்கு [இங்கே ஒரு சொல் இருந்தது. சிவப்பு.] என்று

இரண்டாம் தொடக்கம்: சௌம்யா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தீபாவளியன்று அவள் அப்பா கொளுத்திய [இரண்டு சொற்கள். இரண்டும் சிவப்பு.]

மூன்றாம் தொடக்கம்: மனிதனின் கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை என்பதைச் சிந்திக்கும்போது

மூன்றாவதற்குச் சல்லடை முழுப் பச்சை காட்டியது. அதை அடித்து நீக்கியது நான்தான். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

* கருவிக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. சொல்ல மாட்டேன். விளம்பரம் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

2

சௌம்யாவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தப் புத்தி என் கதை வரைக்கும் வந்துவிட்டது என்பதைப் பார்த்தீர்கள்.

சத்தம் ஆகாதவள் என்றதும் அவளுக்குப் பாட்டே பிடிக்காது என்று நினைத்தேன். பிடிக்காமல் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. அவள் பாட்டுப் பைத்தியம். உலோகத்தின்மேல் உலோகம் படுவதும், தோல்வாத்தியத்தில் திடீரென்று விழும் அடியும், உச்சத்துக்குப் போகும் குழலும்தான் ஆகாது. வலி என்று அவள் சொல்வது நிஜ வலி. காதில் பிடித்துத் தாடைக்கு இறங்கும், கை நடுங்கும், பிறகு அழுகை வரும். ஒரு டாக்டர் பழகிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். பெயர் கிடைத்ததே அவளுக்குப் பாதி ஆறுதலாக இருந்ததாம்.

சல்லடை வருவதற்குமுன் பல வருடமாக அவள் ஒரு புதுப் பாட்டுகூடக் கேட்டதில்லை. எந்த இடத்தில் எது பாயும் என்று தெரியாமல் எப்படிக் கேட்பது? பழகிய பழைய பாட்டுகளையே சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறாள். இப்போது பாட்டைக் கொடுத்தால் கருவி முதலில் கேட்டுவிட்டுச் சொல்கிறது. பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் நடுவில் ஜால்ரா வருகிறது, கவனம். சிவப்பு என்றால் வேண்டாம்.

எனக்கு இந்த ஏஐ சமாச்சாரங்கள்மேல் அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது. என் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவை என்று திட்டிக்கொண்டிருப்பவள் நான். ஆனால் சல்லடை வந்த புதிதில் ஒரு மாலை, அவள் பால்கனியில் துணியை உதறக்கூட மறந்து, ஒரு புதுப் பாட்டை முழுசாகக் கேட்டு அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கருவியை மட்டும் திட்டுவதில்லை.

3

இப்போது கல்யாணம்.

அண்ணன் சரவணக்குமார் ஆவடியில், அப்பா வேலை பார்த்த அதே பாதுகாப்புத் தொழிற்சாலையில், என்ஜின் சோதனைப் பிரிவில் இருக்கிறான். அப்பா இல்லை. அம்மாவும் அவனும் குவார்ட்டர்ஸில். பெண் ரோஷினி குத்தம்பாக்கத்துக்காரி. கல்யாண மண்டபமும் அங்கேதான்.

அண்ணன் தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மீதி இரண்டையும் போட வேண்டியவள் மாப்பிள்ளையின் தங்கை. இந்த வீட்டில் தங்கை ஒருத்திதான். அந்த நேரத்தில்தான் கெட்டிமேளம். ஊரில் இருக்கிற சத்தத்தையெல்லாம் திரட்டி ஒரே நேரத்தில் கொட்டுவார்கள். சௌம்யா நிற்க வேண்டிய இடம் அதற்குப் பக்கத்தில். சின்ன வயதுக்குப் பிறகு அவள் எந்தக் கல்யாணத்திலும் முகூர்த்தத்துக்கு உட்கார்ந்ததில்லை. சாப்பாட்டுக்குத்தான் போவாள்.

(கெட்டிமேளம் எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். தாலி ஏறும் நேரம் யாராவது தும்முவார்கள், யாராவது வேண்டாத பேச்சுப் பேசுவார்கள். அது மணமக்கள் காதில் விழக்கூடாது. ஆக அதுவும் ஒரு சல்லடைதான், நம் ஆட்கள் எப்போதோ செய்தது. என்ன, சின்னச் சத்தத்தைச் சலிக்கப் பெரிய சத்தத்தைப் போடுகிறது. கட்டுரை போதும், கதைக்கு வருகிறேன்.)

தங்கைக்காகச் சரவணக்குமார் ஒரு காரியம் செய்தான். பூந்தமல்லியில் தவில்காரர் செங்கல்வராயன் வீட்டுக்குப் போய், அவர் குழுவை வாசலிலேயே கெட்டிமேளம் வாசிக்கச் சொல்லி, ஃபோனில் பதிவுசெய்து அனுப்பினான். சௌம்யா அதைச் சல்லடைக்குக் கொடுத்தாள்.

பச்சை.

மஞ்சள்கூட இல்லை. ஓடிவந்து என் வீட்டு மணியை அடிக்காமல் (அவள் எப்போதும் கதவை விரலால் தட்டுவாள்) ஃபோனைக் காட்டினாள். "பாருங்கக்கா, பச்சை. கேட்டும் பாத்துட்டேன். தவில் இவ்வளவு மெத்துனு இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா." அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எழுதத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். இப்போது அதை எழுத மனசு வரவில்லை.

4

நிச்சயதார்த்தம், அதே குத்தம்பாக்கம் மண்டபத்தில், செங்கல்வராயன் குழுவின் மேளத்தோடு. காதை மூடும் பெரிய ஹெட்ஃபோன் ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். பச்சைதானே என்று அன்று வீட்டிலேயே வைத்துவிட்டு, பட்டுப்புடவையும் பூவுமாக வந்தாள். நான் அவளுக்குப் பின்வரிசையில் இருந்தேன்.

நடந்ததைச் சத்தமில்லாமல் சொல்கிறேன்.

தட்டு மாற்றும் நேரம். ஒரு மாமா விரலைத் தூக்கினார். பன்னீர்ச் செம்பில் தண்ணீர் நடுங்கியது. முதல் வரிசையில் ஒரு குழந்தை வாயை அகலத் திறந்து அழுதது, அழுவது கண்ணுக்குத்தான் தெரிந்தது. என் பக்கத்துப் பெரியவர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், உதடு மட்டும் அசைந்தது. சௌம்யாவின் கையிலிருந்த குங்குமச் சிமிழ் தரையில் கிடந்தது. நாற்காலியில் அவள் இல்லை.

மண்டபத்தின் சரக்கு அறையில் வாழையிலைக் கட்டுகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். முழங்காலுக்கு நடுவில் தலை. இரண்டு காதிலும் புடவைத் தலைப்பைச் சுருட்டி அடைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பச்சைதானேக்கா காட்டுச்சு."

வெளியே பெண்வீட்டுச் சொந்தக்காரி ஒருத்தி, "மாப்பிள்ளையோட தங்கச்சிக்கு என்னமோ மாதிரி இருக்காம்" என்று சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இந்தக் கதையில் அவளுக்கு ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை.

5

சரவணக்குமாரைக் கதாபாத்திரமாக வைப்பதில் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்ல அண்ணன் ஒரு கதையில் நிற்க மாட்டான், நம்ப மாட்டார்கள். [ஒரு வரைவில் அவன் வேண்டுமென்றே பொய்ப் பதிவை அனுப்பினான். கல்யாணம் நடந்தால் போதும் என்ற சுயநலம். கதை சூடுபிடித்தது. சௌம்யா படித்தாள். அதன்பின் அந்த வாரம் முழுக்க மாவு கேட்டு வரவில்லை. வரைவைக் கிழித்துவிட்டேன்.]

உண்மையில் நடந்தது இதுதான். என்ஜின் சோதனை நடக்கும் ஷெட்டுக்குள்ளிருந்து வீட்டுக்குப் பேசினால் எதுவும் கேட்காது. அதனால் அந்தப் பிரிவில் எல்லாருடைய ஃபோனிலும் ஒரு வசதி போட்டிருப்பார்கள். அதுவும் ஏஐதான். சுற்றியுள்ள இரைச்சலை வெட்டி எறிந்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்பும். பேச்சுக்கும் அதுவே, பதிவுக்கும் அதுவே. ஒருமுறை போட்டால் யாரும் அணைப்பதில்லை, அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். அந்த ஃபோனை நீட்டிக்கொண்டுதான் சரவணக்குமார் செங்கல்வராயன் வாசலில் நின்றிருக்கிறான். ஃபோன் நாதஸ்வரத்தைக் குரல் என்று எடுத்துக்கொண்டு, அதன் உச்சத்தைப் பேச்சளவுக்கு இறக்கிவிட்டது. தவிலையும் தாளத்தையும் என்ஜின் என்று நினைத்து முனை மழுங்க வழித்துவிட்டது. சௌம்யாவின் சல்லடைக்கு வந்து சேர்ந்ததே ஏற்கெனவே சலித்த மாவு.

விஷயம் தெரிந்ததும் செங்கல்வராயனுக்கு வந்த கோபம் தனி. "இன்னாது, என் தவுல இஞ்சின்னு நென்ச்சுகிச்சா? ஏன் நைனா, உன் போனுக்குக் காது கீதா இல்லியா?"

இதை எங்களிடம் சொல்லும்போது சரவணக்குமார் சிரிக்கவில்லை. தங்கை வீட்டு சோபாவில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னால முடியாதுண்ணா" என்றாள் சௌம்யா. "பெரியப்பா பொண்ணு யாராவது கட்டட்டும். நான் சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

அவன் தலையை நிமிர்த்தினான். பிறகு, "வேற யாரும் வேணாம் பாப்பா. நீ வரலன்னா மூணு முடிச்சையும் நானே போட்டுக்கறேன்" என்றான்.

இதைத்தான் சொன்னேன், இவ்வளவு நல்ல அண்ணன் கதையில் நிற்க மாட்டான் என்று. என்ன செய்வது, நிற்கிறான்.

6

சௌம்யா வீட்டுக்கு அடுத்து வந்தவள் பெண்ணின் அம்மா ஞானம்மாள். கதைக்கு ஒரு வில்லி கிடைத்தாள் என்று பேனாவைத் தீட்டிக்கொண்டேன். கெட்டிமேளம் வேண்டாம் என்றால் கல்யாணமே வேண்டாம் என்பாள், சௌம்யா அழுவாள், நல்ல காட்சி.

ஞானம்மாள் குத்தம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு தூக்குவாளியுடன் வந்தாள். உட்கார்ந்ததும் அதைத் திறந்தாள். அல்வா.

"முறுக்குதான் சுட்டு வெச்சிருந்தேன் கண்ணு. கடிச்சா சத்தம் வருமேன்னு இத கிண்டி எடுத்தாந்தேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அதற்காக அவள் விட்டுக்கொடுக்கவும் வரவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. மோளம் இல்லாம என் பொண்ணுக்குத் தாலி ஏறக் கூடாது. என் கல்யாணத்துல மோளக்காரன் அசந்துட்டான். தாலி ஏறக்கொள்ள எவனோ பின்னாடி உக்காந்து ஒரு சாவு சேதிய சொல்லிகினு கீறான். அது என் காதுல வுழுந்துச்சு. இத்தினி வருசமாச்சு, இன்னும் உள்ளயே கீது. கோயிலுக்குப் போனாலும் கேக்குது."

சௌம்யா அவளையே பார்த்தாள். ஒரு சத்தம் காதுக்குள் தங்கிவிட்டால் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுந்துபோய் ஞானம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அதுக்காக நீ இல்லாமயும் தாலி ஏறக் கூடாது" என்றாள் ஞானம்மாள். "நாத்தனார் இருந்தும் வேற எவளோ வந்து முடிச்சு போடறதா? அது இன்னா ஊடு?"

இருவரும் அல்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சௌம்யாவின் டெஸ்டர் புத்தி வேலை செய்தது.

"அத்தை, கெட்டிமேளம் எப்ப ஆரம்பிக்கணும்னு யார் சொல்றது?"

"ஐயரு வெரல தூக்குவாரு. மாமனுங்க, சித்தப்பனுங்க அல்லாரும் தூக்குவானுங்க. எவன் மொதல்ல தூக்குறானோ அவன பாத்து அடிப்பாங்க."

"நான் தூக்கினா?"

7

சோதனை எங்கள் மொட்டை மாடியில், ஒரு ஞாயிறு மத்தியானம். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் நான் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். செங்கல்வராயன் தவிலோடு தனியாக வந்தார். சௌம்யா காதில் மெத்தென்ற அடைப்பான்கள், மேலே மல்லிகைச் சரம். கைப்பிடிச் சுவரில் சல்லடையைத் திறந்து வைத்திருந்தாள். ரோஷினி இடத்தில் நான். என் கழுத்தில் பழைய துணிக்கொடிக் கயிறு. இந்த வயதில் எனக்கு இன்னொரு கல்யாணம் நடக்கும் என்று யார் கண்டார்கள்?

அவள் விரலைத் தூக்கினாள். அவர் வாசித்தார். தூக்கிய வேகத்தில் இறக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். முகம் வெளுத்திருந்தது. "போதும், விட்டுடு" என்றேன். தலையை ஆட்டினாள். கொஞ்சம் ஆசுவாசப்பட்டு மறுபடி வந்தாள். இந்த முறை ஒரு முடிச்சு. அதற்கடுத்த முறை இரண்டும் விழுந்தன, கண்ணீர் என் தோளில் சொட்டியது. முடித்துப் பின்னால் நகர்ந்ததும் அவர் நிறுத்தினார்.

சல்லடை ஒவ்வொரு முறையும் சிவப்புதான் காட்டியது.

"இன்னா தங்கச்சி, இது செவப்பு செவப்புன்னே காட்டிகினு கீது" என்றார் செங்கல்வராயன்.

"அது சரியாத்தாண்ணே சொல்லுது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வலிக்குதுக்கா. குறையவே இல்ல. ஆனா எப்ப வரும்னு தெரியுது, எப்ப நிக்கும்னும் தெரியுது. நான் பச்சைக்காகக் காத்துக்கிட்டு இருந்தா அண்ணன் கல்யாணம் முடிஞ்சிடும். தெரிஞ்சே சிவப்புல போய் நிக்கறேன். ஒரே ஒரு தடவ."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் கயிறு தடுத்தது.

செங்கல்வராயன் தவிலுக்கு உறை போட்டுக்கொண்டே ஒன்று சொன்னார். "நான் உன் வெரல மட்டுந்தான் பாப்பேன். ஆனா ஒண்ணு தங்கச்சி, மண்டபத்துல ஊரே வெரல தூக்கும். எனக்குப் பழக்கதோசம், கண்ணு பாக்கறதுக்கு முன்னாடி கை அடிச்சிடும். அத எப்படி நிறுத்தறதுன்னு தெரியல."

சௌம்யா பதில் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடம் இந்தக் கதைதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

8

முடிவுகள்.

(அ) எல்லாம் நல்லபடி நடக்கிறது. சௌம்யா முடிச்சுப் போடுகிறாள், ஞானம்மாள் காதிலிருந்த பழைய சேதி போய்விடுகிறது, சல்லடை தானாகப் பச்சைக்கு மாறுகிறது. சௌம்யா படித்துவிட்டு, "ஃப்ளாட் விளம்பரம் மாதிரி இருக்குக்கா" என்றாள்.

(ஆ) நிச்சயதார்த்தத்தில் விரலைத் தூக்கிய அதே மாமா இங்கே சௌம்யாவுக்கு முந்திக்கொள்கிறார். சௌம்யா இலைக்கட்டுகளுக்கு ஓடுகிறாள். தாலியைக் கையில் பிடித்தபடி சரவணக்குமார் அந்தக் கதவையே [இதற்குச் சல்லடை பச்சைதான் காட்டியது. சௌம்யா பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது வேணாம்" என்றாள். எனக்கும் வேண்டாம்.]

(இ) மேளமே இல்லை, மண்டபம் மூச்சுக்கூட விடாமல் இருக்கிறது, யாரும் தும்மவில்லை. நம் கல்யாணங்களைப் பார்த்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

இதை எழுதி முடிக்கும் இன்று கல்யாணம் இன்னும் நடக்கவில்லை. வருகிற முகூர்த்தத்தில்தான். நடப்பதற்குமுன் கதையைத் தரச் சொல்லித்தான் சௌம்யா கேட்டாள். ஏன் என்று அப்போது புரியவில்லை. "கல்யாணத்துக்கு வர்றவங்க படிக்கட்டுமேக்கா" என்று நேற்று மாவுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னாள். செங்கல்வராயன் கேட்டதற்குப் பதில் தேடும் தன் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள், பாருங்கள். கோபிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

ஆகையால் முடிவை நான் எழுதப் போவதில்லை. அது உங்களிடம் இருக்கிறது. நிஜமாகவே உங்களிடம்தான்.

குத்தம்பாக்கம் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் ஞானம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பியிருக்கிறாள். மேடையோரம் செங்கல்வராயன் கழுத்தை நீட்டி, ஒரே ஒரு விரலைத் தேடுகிறார். தாலித் தட்டு எல்லார் கையும் பட்டு மேடைக்குத் திரும்பிவிட்டது. சரவணக்குமார் தாலியை எடுத்துவிட்டுத் தங்கையைப் பார்க்கிறான். மணப்பெண்ணுக்குப் பின்னால், காதை மறைத்த பூவோடு, சௌம்யா மூச்சை இழுத்துவிடுகிறாள். கை இன்னும் இடுப்பருகில்தான் இருக்கிறது.

உங்கள் உள்ளங்கையில் அட்சதை இருக்கிறது. விரல் பரபரக்கும், எனக்கும்தான் பரபரக்கிறது. அதை மடியிலேயே வைத்திருங்கள்.

அவள் தூக்கட்டும்.